டேங்கர் கவிழ்ந்தாலும் பட்டறையில் வாயு கசிந்தாலும்: முதலில் போய்ச் சேருபவர் செய்ய வேண்டியவை

2025 ஜனவரி 3 விடியற்காலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் எல்பிஜி டேங்கர் ஒன்று கவிழ்ந்து வாயு கசிந்தது. போக்குவரத்தை நிறுத்தி, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே தீயணைப்புத் துறையினர் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நகரத்தின் நடுவில் நடந்ததால் உதவி சீக்கிரம் வந்தது. இதே விபத்து பல்லடம் சாலையிலோ காங்கயம் பக்கமோ நள்ளிரவில் நடந்தால், முதல் அரைமணி நேரம் அங்கே நிற்கப்போவது டீக்கடைக்காரர், பட்டறைக் காவலாளி, ரோந்துக் காவலர், 108 ஊழியர் ஆகியோர்தான். இந்தப் பதிவு அவர்களுக்கு.

நம் பகுதியில் இந்த ஆபத்து எட்டத்தில் இல்லை. நாமக்கல் டேங்கர் லாரித் தொழிலின் ஊர். திருப்பூர், ஈரோடு, கரூர் சாயப்பட்டறைகளிலும் சலவைப் பட்டறைகளிலும் காஸ்டிக் (காஸ்டிக் சோடா), ஆசிட், பெராக்சைடு, ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட் தூள்) எல்லாம் தினசரிச் சரக்கு. குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா, குடிநீர்ச் சுத்திகரிப்பில் குளோரின்.

உங்கள் வேலையின் எல்லை

இத்தகைய விபத்துகளுக்கான பயிற்சியில் பல படிநிலைகள் உண்டு. முதல் நிலையில் இருப்பவர் ஆபத்தை அடையாளம் காண்பார், விலகி நிற்பார், மற்றவர்களைத் தடுப்பார், தகவல் சொல்வார். அவ்வளவுதான். இரண்டாம் நிலையினர் எட்ட இருந்தபடியே மண்ணணை போட்டும் வடிகாலை அடைத்தும் பரவலைத் தடுப்பார்கள். மூன்றாம் நிலையினர்தான் முழுப் பாதுகாப்பு உடையோடு உள்ளே போய்க் கசிவை அடைப்பவர்கள். நீங்களும் நானும் முதல் நிலை. வால்வை மூடப் போவது நம் வேலை இல்லை.

படி 1: எட்டவே நில்லுங்கள், காற்றைப் பாருங்கள்

வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்தினால் விபத்து நடந்த இடம் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் இன்னும் பின்னால் போங்கள்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். வாயு கிழக்கே போகும், நீங்கள் மேற்கே நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆனால் மாதத்தை நம்பி நிற்காதீர்கள்; தென்னை ஓலை, கொடி, டீக்கடைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காற்று திரும்பினால் நீங்களும் இடம் மாற வேண்டும்.

மேட்டில் நில்லுங்கள். எல்பிஜி, குளோரின் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. காற்றில்லாத இரவில் பள்ளத்திலும் ஓடையிலும் சாக்கடையிலும் இறங்கித் தேங்கும். அம்மோனியா லேசான வாயுதான் என்றாலும், குளிர்ந்த திரவமாகக் கொட்டினால் அதுவும் வெண்புகையாகத் தரையோடு தவழும்.

படி 2: தொலைவிலிருந்தே படியுங்கள்

டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓர் அவசரத் தகவல் பலகை இருக்கும். அதில் உள்ள நான்கு இலக்க ஐ.நா. எண்தான் முக்கியம்; உள்ளே என்ன பொருள் என்பதை அது சொல்லும். 1075 எல்பிஜி, 1203 பெட்ரோல், 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1830 கந்தக அமிலம், 1789 ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 1824 காஸ்டிக் கரைசல், 1384 ஹைட்ரோஸ். செல்போன் கேமராவில் ஜூம் செய்து படியுங்கள், கிட்டப் போகாதீர்கள். அதே பலகையில் ஹேஸ்கெம் என்ற அவசர நடவடிக்கைக் குறியீடு ஒன்று இருக்கும். அது ஆங்கில 'ஈ' எழுத்தில் முடிந்தால் அக்கம்பக்கத்தாரை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று பொருள். ஓட்டுநர் தப்பி வந்திருந்தால் அவரிடம் ட்ரெம் கார்டு (சரக்கின் ஆபத்தும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை) இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 3: அழையுங்கள்

112 அல்லது 101. இடம், அருகிலுள்ள அடையாளம், ஐ.நா. எண், கசிவா தீயா, காற்று எந்தப் பக்கம், எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், தீயணைப்பு வண்டி எந்தச் சாலை வழியாக வந்தால் வாயு அடிக்கும் பக்கத்தில் சிக்காது என்பது வரை சொல்லுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தமிழ்நாட்டுத் தளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால் நீங்கள் சொல்லும் முதல் தகவல் தெளிவாக இருக்க வேண்டும்.

படி 4: ஆட்களை விலக்குங்கள்

என்ன பொருள் என்றே தெரியாவிட்டால் எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டர். எல்பிஜி டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் 1.6 கிலோமீட்டர், டேங்கர் வெடித்தால் இரும்புத் துண்டுகள் வெகுதூரம் பறக்கும். வாயு பரவிய இடத்தில் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யவோ பீடி பற்றவைக்கவோ கூடாது. வீடியோ எடுக்கக் கூடும் கூட்டத்தை முதலில் கலையுங்கள்.

படி 5: உள்ளே குதிக்காதீர்கள்

மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுவார். "அய்யோ, அண்ணன் விழுந்துட்டாருங்க" என்று தம்பி இறங்குவார். அவரைத் தூக்க மேஸ்திரி இறங்குவார். நம் பட்டறைகளிலும் தோல் ஆலைகளிலும் பலமுறை இப்படித்தான் ஒரு சாவு மூன்று நான்கு சாவானது. இறங்கியவர்கள் எல்லோரும் பாசத்தால் இறங்கியவர்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கின் மோப்ப நரம்பே மரத்துப்போகும்; நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. இன்னும் அதிகமானால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ஈரத்துண்டோ கொரோனா காலத்து முகக்கவசமோ இதைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடியும் போதாது, தொட்டியில் ஆக்சிஜனே குறைவாக இருக்கலாம். முதுகில் காற்று உருளையும் இடுப்பில் மீட்புக் கயிறும் உள்ள, பயிற்சி பெற்ற ஆள் மட்டுமே இறங்கலாம். மேலிருந்து காற்றூதியை வைத்துக் காற்றைச் செலுத்துங்கள்; விழுந்தவர் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள்.

பட்டறையில் இன்னொரு அவசரப் புத்தி, வாளித் தண்ணீர். நனைந்து புகையும் ஹைட்ரோஸ் டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் சூடு இன்னும் ஏறி, கந்தக டை ஆக்சைடு கிளம்பும், தீயும் பிடிக்கலாம். சலவைக்கு வைத்திருக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) கேன் மீது ஆசிட் கொட்டினால் குளோரின் வரும். இரண்டிலும் கதவைத் தாண்டி வெளியே ஓடி, காற்று வரும் பக்கம் ஆட்களைக் கூட்டி எண்ணிப் பாருங்கள்.

படி 6: வெளியே வந்தவர்களைக் கவனியுங்கள்

பாதிக்கப்பட்டவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கினால் ரசாயனம் உங்கள் மேலும் ஒட்டும். நடக்க முடிந்தவரைக் குரல் கொடுத்து உங்கள் பக்கம் வரவழையுங்கள். துணிகளைக் கழற்றச் சொன்னாலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும்; தலை வழியாக இழுக்காமல் வெட்டி எடுங்கள். உலர்ந்த தூளாக இருந்தால் முதலில் உதறிவிட்டு, பின்பு ஏராளமான தண்ணீரில் அலசுங்கள். ஆசிட், காஸ்டிக் பட்ட கண்ணையும் தோலையும் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆசிட்டுக்குச் சோடா, காஸ்டிக்குக் காடி என்று எதையும் ஊற்ற வேண்டாம். கழற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், ஆம்புலன்சுக்குள் ஏற்றாதீர்கள்.

குளோரின் மாதிரியான வாயுவைச் சுவாசித்தவர் அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று வீட்டுக்குக் கிளம்புபவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நீங்களும் போங்கள். போகும்போது அந்த நான்கு இலக்க எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள்.