இன்வார் தண்டின் வெப்ப விரிவையும் காந்த இழப்பையும் அளக்கும் முறை

இரும்பு 64 விழுக்காடும் நிக்கல் 36 விழுக்காடும் கலந்த இன்வார், சூடாக்கினாலும் ஏறத்தாழ நீளாத உலோகக் கலவை. பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை, அளவைப் பணியகத்தில் சார்லஸ் எடுவார் கியோம் 1896-இல் இதைக் கண்டறிந்தார். 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் 50 செ.மீ. எஃகுத் தண்டு ஒன்றையும் அதே நீள இன்வார் தண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் ஒரு முனையைச் சட்டத்தில் இறுக்கி, மறுமுனையில் டயல் கேஜைத் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவியைத்) தொடவைத்து, தண்டைச் சுற்றியுள்ள குழாயில் நீராவி செலுத்த வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சென்றால் எஃகு சுமார் 0.4 மி.மீ. நீளும், இன்வார் 0.04 மி.மீ. மட்டுமே நீளும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எஃகுக்குச் சரியான விடை வந்தது. இன்வாருக்கோ முள் ஒரே ஒரு கோடு, அதாவது 0.01 மி.மீ. நகர்ந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் தண்டையே சந்தேகித்த பிறகுதான் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. எஃகுச் சட்டம் 5 டிகிரி சூடானாலே 0.03 மி.மீ. நீண்டு, கேஜைத் தண்டிலிருந்து அப்பால் இழுத்துவிடும். எஃகுத் தண்டின் அளவீட்டிலும் இதே பிழை இருந்தது, ஆனால் 0.4-இல் அது கண்ணில் படவில்லை. ஆகவே வெளியேறும் நீராவியைச் சட்டத்தில் படாமல் குழாய் வழியே தள்ளிவிடுங்கள், சட்டத்தின் வெப்பநிலையையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேஜ் 0.001 மி.மீ. காட்டுவதாக இருக்கட்டும், 0.01 கேஜில் இன்வாரை அளப்பது வீண்வேலை.

அடுத்து, சிறிய இன்வார் துண்டு ஒன்றைச் செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் காந்தம் வைத்துச் சாராய விளக்கால் சூடாக்குங்கள். சுமார் 230 டிகிரியில், அதாவது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையைப் பொருள் இழக்கும் கியூரி வெப்பநிலையில், துண்டு காந்தத்தை விட்டு விலகும். ஆறியதும் திரும்ப ஒட்டும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கும் என்பதால் எனக்குச் சூடு தாங்கும் ஆல்னிகோ கலவைக் காந்தமே பிடிக்கும். வெப்பநிலையை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளில் உள்ள இரு கம்பிகளில் ஒன்றான அலுமெல் கம்பியும் காந்தத்தால் ஈர்க்கப்படும்; அதைத் துண்டோடு கட்டி ஏமாறாதீர்கள்.

இரண்டு சோதனைகளுக்கும் வேர் ஒன்றே. அணுக்களின் காந்தத் திசைகள் ஒத்திருக்கும் காந்த ஒழுங்கு இருக்கும்வரை அணுக்கோவை (அணுக்களின் அடுக்கு) சற்றே உப்பியிருக்கும். சூடு ஏறும்போது அந்த ஒழுங்கு குலைந்து உப்பல் வடிவதும், அணுக்களின் அதிர்வால் கோவை விரிவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. கியூரி வெப்பநிலைக்கு மேல் வடிய உப்பல் இல்லை. அங்கே இன்வார் மற்ற உலோகங்களைப் போலவே விரியும்.

பிற்சேர்க்கை: வாசகர் ஒருவருக்கு இன்வாருக்கு எதிர்பார்த்ததைப் போல் நான்கு மடங்கு விரிவு கிடைத்தது. விசாரித்தபோது, அவர் தண்டிலிருந்து வெட்டிய துண்டு 300 டிகிரியிலும் காந்தத்தை விடவில்லை என்றார். அவர் வாங்கியது 42 விழுக்காடு நிக்கல் கலவை. அதன் கியூரி வெப்பநிலை 350 டிகிரிக்கும் மேல். தண்டு வாங்கியதும் காந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.