கிணறு வற்றியதா, தூர்ந்ததா?

"கடும் வறட்சியால் ஊர்க் கிணறுகள் தூர்ந்துபோயின." திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு கட்டுரையில் இருந்த வரி இது. வறட்சியில் கிணறு தூராது, வற்றும். மண்ணும் குப்பையும் சேர்ந்து மேடானால்தான் தூரும். தூர்ந்த கிணற்றைத் தூர்வாரினால் தண்ணீர் வரக்கூடும். வற்றிய கிணற்றுக்கு வானம்தான் மனசு வைக்க வேண்டும்.

வற்று, வறள், காய், உலர் என்ற நான்கையும் இஷ்டத்துக்கு மாற்றிப் போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தண்ணீர் எதிலிருந்து போனது என்று ஒரு நிமிடம் யோசித்தால் சொல் தானாக வரும். தேங்கியதோ சுரப்பதோ குறைந்தால் வற்றும்: குளம், ஊற்று, பசுவின் மடி. உள்ளேயே இருக்க வேண்டிய ஈரம் போனால் வறளும்: நிலம், நாக்கு, தோல். மேலே பட்ட ஈரம் போனால் காயும் அல்லது உலரும்: துணி, தலைமுடி. 'நிலம் வற்றியது', 'துணி வறண்டது' என்று எழுதினால் காதில் இடறுவது இதனால்தான். பழைய வழக்கு இன்னும் தாராளம். குறள் 78-இல் மரம்கூட 'வற்றல் மரம்'தான். இன்று அதைப் பட்ட மரம் என்போம்.

'காய்' கொஞ்சம் வம்பு பிடித்த சொல். தொண்டை காய்ந்தால் தாகம், வயிறு காய்ந்தால் பசி. கம்பங்கொல்லையில் புகுந்த காய்ந்த மாடு பட்டினி கிடந்த மாடு. குளிர்காய்பவர் நனைந்திருக்கவே வேண்டியதில்லை, நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுத்துப்பிழை ஒன்று: வரட்சி, வரண்ட. இன்று அச்சில் வறட்சி, வறண்ட என்பதே வழக்கம். வறுமையில் வரும் 'ற' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பஞ்சம். மழையும் நிலத்தடி நீரும் குறைந்தால் வறட்சி, சோறே கிடைக்காமல் போனால் பஞ்சம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தை வெறும் வறட்சி என்று எழுதினால், பட்டினியில் செத்த லட்சக்கணக்கானவர்கள் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போய்விடுவார்கள். 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அதைப் பஞ்சம் என்று எழுதுவதும் தவறு. குழாயில் தண்ணீர் வரவில்லையா? அது தட்டுப்பாடு, அடைமழைக் காலத்திலும் வரும். பேச்சில் 'தண்ணீர்ப் பஞ்சம்' என்கிறார்கள். சரி, அதைத் திருத்த நான் போகமாட்டேன்.

மொழிபெயர்ப்புகளில் பருவமழை 'தோல்வியடைகிறது'. தமிழில் மழை பொய்க்கும். 'உலர்ந்த இருமல்' என்பதும் அதே ரகம். வறட்டு இருமல் என்று பாட்டி காலத்திலிருந்தே இருமிக்கொண்டுதானே இருக்கிறோம்!