அப்பா மறக்கத் தொடங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றபின், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். போன வாரம் ஓர் இளைஞர் பிளாஸ்டிக் உறையில் ஒரு பத்திரத்தோடு வந்தார். "அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது, ஐயா. கவலையில்லை, பவர் எழுதி வாங்கிவிட்டோம்." பவர் என்றால், ஒருவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அந்த நிம்மதியான முகத்தை ஒரு காலத்தில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டையான ஐசியைத் தொலைப்பது, வீட்டுப் பட்டாவான கிராண்டை யாரிடமோ கொடுத்துவைப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

பவர் இருக்கிறது என்று தூங்குவது

மலேசியாவின் 1949-ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் செத்துவிடும். எந்த நாளுக்காக எழுதினோமோ, அந்த நாளில் அது வெறுங்காகிதம். காசு பெற்றுக்கொண்டு கொடுத்த, ரத்து செய்ய முடியாத பவருக்கு விதிவிலக்கு உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பாசத்தில் காலவரையின்றி எழுதுவது அதில் சேராது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை மூடியபோது கிடைத்த பணத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். மிச்சத்தை வங்கியில் போட்டார். வழக்கறிஞர் முன் கையெழுத்து, உயர் நீதிமன்றத்தில் நகல் என்று பவர் வேலையை ஒழுங்காக முடித்தேன். கிராணி அல்லவா! மூன்றாண்டு கழித்து அவருடைய வைத்தியச் செலவுக்குப் பணம் எடுக்க, அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அதிகாரி நலம் விசாரித்தார். "பதினெட்டாம் நிரையில் இன்னும் பால் எடுக்கவில்லை, மழை வருகிறது" என்று அப்பா எழுந்து, நாற்காலிக்கு அடியில் வாளியைத் தேடினார். அதிகாரி பத்திரத்தை மூடி என் பக்கம் தள்ளினார். அவர்மேல் கோபமில்லை. எழுதிய அன்று இதை ஒரு வார்த்தை சொல்லாத வழக்கறிஞர்மேல் இன்றும் எரிச்சல். கேட்காத என்மேல் அதைவிட எரிச்சல்.

பிறகு மிஞ்சுவது, 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு. மருத்துவர் சாட்சியம், விசாரணை, அதன்பின் ஒரு பொறுப்பாளர் நியமனம். ஒரே ஆளாக இருந்தாலும் சட்டத்தில் அவருக்குப் பெயர் 'கமிட்டி'! எங்களுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அக்காளின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

சிங்கப்பூரைப் பார்த்து மயங்குவது

அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் சொல்வது சரிதான். நினைவு தப்பியபின்னும் செல்லுபடியாகும் பவர் அந்நாட்டில் 2010 முதல் இருக்கிறது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தச் சட்டம் இல்லை.

உயிலும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) வாரிசு நியமனமும் போதும் என்பது

இரண்டும் சாவுக்குப் பிறகுதான் பேசும்.

மருத்துவமனைக் கட்டிலில் கைரேகை வாங்குவது

மயங்கிக் கிடப்பவரின் பெருவிரலை மையில் அழுத்துவதற்கு மோசடி என்று பெயர்.

தெளிவு இருக்கும்போது தள்ளிப்போடுவது

வீட்டை முன்பே, ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் டிரஸ்டில் வைத்தால், எழுதியவருக்கு நினைவு தப்பினாலும் அதன் பொறுப்பாளரின் அதிகாரம் நிற்காது. பிள்ளை பெயருக்கே மாற்றுவதும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் குடிமக்களான பெற்றோரும் பிள்ளைகளும் அன்பளிப்பாக மாற்றிக்கொண்டால் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி இல்லை. ஆனால் பிள்ளை கடனாளியானால் வீடும் ஏலத்துக்குப் போகும். எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை.

மறதி என்று மருத்துவர் சொன்னவுடன் எல்லாம் கைமீறிவிடாது. கையெழுத்திடும் நேரத்தில், என்ன செய்கிறோம் என்பது அவருக்குப் புரிய வேண்டும். புரிகிறது என்று மருத்துவர் அதே தேதியில் ஒரு கடிதம் கொடுத்தால் பத்திரத்தோடு இணைத்து வையுங்கள்.

அந்த இளைஞரின் அப்பா வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, இன்று என்ன கிழமை?" என்றேன்.

"செவ்வாய். கிராணிக்கே தெரியாதா?"

நாளைக்கே ஈப்போவில் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லி மகனை அனுப்பினேன்.