வீட்டுக்கு இணையத் தொலைபேசி: கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள்

முதன்முதலாக வீட்டுக்கு இணையத் தொலைபேசி வாங்கியபோது நான் கட்டண அட்டவணையிலிருந்து தொடங்கினேன். மூன்று நிறுவனங்களின் திட்டங்களை நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டு, மலிவானதை எடுத்தேன். பகலெல்லாம் நன்றாக வேலை செய்தது. இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுடன் பேசினால் மட்டும், என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, பாதிப் பாதியாகக் கேட்கிறது என்று சொல்வார். நிறுவனத்தைத் திட்டிவிட்டு வேறொன்றுக்கு மாறினேன். அங்கும் ஒன்பது மணிக்கு அதே கிணறு.

குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் எல்லோரும் கைபேசியை சார்ஜில் போடுவோம். சார்ஜில் போட்டதும் அன்றைய படங்களும் வீடியோக்களும் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறத் தொடங்கும். என் குரல் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டது. அதனால் இந்த விளக்கத்தின் வரிசை இதுதான்: முதலில் உங்கள் வீடு, அடுத்து உங்கள் தேவை, பிறகு சேவை. கட்டணம் கடைசியில்.

தொடங்கும் முன்: இது எப்படி வேலை செய்கிறது?

இணையத் தொலைபேசி உங்கள் குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கி, பொதுவாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. அதாவது விநாடிக்கு 50 பொட்டலங்கள். இவை சினிமாவும் மின்னஞ்சலும் போகும் அதே இணைப்பில் போகின்றன. மறுமுனையில் மணியடிப்பது, எடுத்தார்களா என்று பார்ப்பது, அழைப்பை முடிப்பது ஆகியவற்றை எஸ்ஐபி என்ற நெறிமுறை பார்த்துக்கொள்ளும். பேச்சு தனி வழியில் போகும். மணி ஒழுங்காக அடித்தும் எடுத்த பிறகு ஒருவர் குரல் மட்டும் கேட்காமல் போவதற்கு இந்தப் பிரிவுதான் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் உதவும்.

படி 1: இணைப்பைச் சோதியுங்கள், வேகத்தை அல்ல

பலரும் வேகப் பரிசோதனை செய்து, நூறு மெகாபிட் வருகிறது என்று திருப்தியடைவார்கள். பேச்சுக்கு அவ்வளவு தேவையே இல்லை. பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். ஒரு மணி நேரம் பேசினால் இரு திசைக்கும் சேர்த்து ஏறத்தாழ 80 எம்பி செலவாகும்.

பேச்சுக்குத் தேவை சீரான ஓட்டம். தாமதம் ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குச் சிக்கல் வராது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் ஒரே நேரத்தில் தொடங்குவீர்கள். இந்தத் தாமதம் ஏறி இறங்குவதற்கு ஜிட்டர் என்று பெயர். அது 30 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது. வழியில் தொலையும் பொட்டலங்கள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது.

சோதிப்பது எளிது. கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் கட்டளையைத் தட்டி, நீங்கள் யோசிக்கும் சேவையின் சர்வர் முகவரியைக் கொடுங்கள். முகவரி தெரியாவிட்டால் எந்தப் பெரிய இணையதளமும் போதும். விண்டோஸில் இது நான்கு முறையோடு நின்றுவிடும் என்பதால், தொடர்ந்து ஓடும் விருப்பத்தை (-t) சேர்த்துக்கொள்ளுங்கள். இது போய் வரும் நேரத்தைக் காட்டும். ஒரு திசைக்குத் தோராயமாகப் பாதி. திரையில் 21, 23, 20, 22 என்று எண்கள் வரிசையாக இறங்கும். இப்போது கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைப் பதிவேற்றத் தொடங்குங்கள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள். என் வீட்டில் 22 க்கு அடுத்த வரி 180, அதற்கடுத்தது 340, பிறகு 600 ஐத் தாண்டியது, நடுநடுவே பதிலே வராத வரிகள். வீடியோவை நிறுத்தியதும் இரண்டே விநாடியில் மறுபடி 21. அம்மாவின் கிணறு அந்தத் திரையில் எண்களாகத் தெரிந்தது.

காரணம், பதிவேற்றத்தை எந்த அளவுக்குக் கொடுத்தாலும் ரூட்டர் வாங்கி வரிசையில் நிறுத்திக்கொள்கிறது. லாரிகள் நிற்கும் நீண்ட வரிசையின் கடைசியில் சைக்கிள் நிற்பதுபோல் உங்கள் குரல் நிற்கிறது. ரூட்டரின் அமைப்பில் முன்னுரிமை என்ற பகுதி இருந்தால் தொலைபேசிக்கு முதலிடம் கொடுங்கள். கூடவே பதிவேற்ற வரம்பை, நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் கட்டிப்போடுங்கள். அப்போது வரிசையே உருவாகாது. இந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால் கைபேசியின் படச் சேமிப்பை நள்ளிரவுக்கு மாற்றினாலும் போதும்.

இன்னொன்று. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக இணையம் பெறுபவர்கள் இந்தப் படியோடு நின்று யோசிக்க வேண்டும். அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் மேலே போய்க் கீழே வருவதற்கே கால் விநாடி ஆகும். எந்தச் சேவையை வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படி 2: பழைய இணைப்பில் எவையெல்லாம் தொங்குகின்றன?

வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தொலைபேசிக் கம்பி எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். திருட்டு எச்சரிக்கைக் கருவி, முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான், ஃபேக்ஸ் ஆகியவை பழைய லேண்ட்லைனை நம்பியிருக்கலாம். குரலைப் பொட்டலமாக்கும்போது மனிதக் காதுக்குத் தெரியாத சிறு இழப்புகூட இந்தக் கருவிகளைக் குழப்பிவிடும். ஃபேக்ஸ் அவசியம் என்றால் டி.38 என்ற முறையை ஆதரிக்கும் சேவையைத் தேடுங்கள். எச்சரிக்கைக் கருவியும் அவசரப் பொத்தானும் இருந்தால், அவற்றைப் பொருத்திய நிறுவனத்திடம் முதலில் பேசுங்கள். இங்கே ஊகத்துக்கு இடமில்லை.

விரலைவிட்டுச் சுற்றும் பழைய தொலைபேசியை ஆசையாக வைத்திருப்பவர்கள், தொலைபேசியை ரூட்டரோடு இணைக்கும் சிறு பெட்டியான அடாப்டர், சுழற்றி எண் அனுப்பும் பல்ஸ் டயலிங்கை ஆதரிக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பல அடாப்டர்களில் உள்ளே வரும் அழைப்பை எடுக்கலாம், வெளியே சுழற்ற முடியாது.

கணக்குகளைச் சரிபார்க்க அனுப்பும் ரகசியக் குறியீடு இணையத் தொலைபேசி எண்களுக்கு வராமல் போவதும் உண்டு. அதற்குக் கைபேசி எண்ணையே கொடுங்கள்.

படி 3: மின்சாரம் போனால்?

பழைய லேண்ட்லைனுக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் கேட்டது அதனால்தான். இனி மோடம், ரூட்டர், அடாப்டர் மூன்றுக்கும் உங்கள் வீட்டு மின்சாரம்தான். மூன்றும் சேர்ந்து 20 வாட் இழுக்கின்றன என்று வையுங்கள். சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். ஒரு மாலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நீங்களே பாருங்கள். தெருவில் இருக்கும் இணைய நிறுவனத்தின் கருவியும் மின்சாரம் இல்லாமல் அணைந்துவிட்டால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை என்பதும் அன்று தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டியதுதான் அவசர அழைப்பு. செம்புக் கம்பிக்கு முகவரி உண்டு. இணைய எண்ணுக்குக் கிடையாது. அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஊரில் செருகினாலும் அதே எண் வேலை செய்யும். ஆகவே அவசர எண்ணை அழைக்க முடியுமா, முடியுமென்றால் எந்த முகவரி போய்ச் சேரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு மாறினால் அன்றே முகவரியைத் திருத்துங்கள்.

படி 4: எந்த வகைச் சேவை?

இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரின் முதுகில் தொலைபேசி செருகும் துளை இருந்தால், அதுவே எளிய வழி. செருகினால் முடிந்தது. ஆனால் இணைய நிறுவனத்தை மாற்றினால் தொலைபேசியும் போய்விடும். இரண்டாவது வகையில் தனி நிறுவனம் தன் சொந்த அடாப்டரை அனுப்பும். அது பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும், அந்த நிறுவனத்தை விட்டால் அடாப்டர் வெறும் பிளாஸ்டிக். மூன்றாவது வகையில் நிறுவனம் எஸ்ஐபி கணக்கை மட்டும் தரும். பூட்டில்லாத அடாப்டரை நீங்களே வாங்கிப் பயனர்பெயர், கடவுச்சொல் இட்டுக்கொள்ள வேண்டும். மாறுவது எளிது, அமைப்பதற்கு ஒரு மாலை பிடிக்கும்.

பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு முதல் வகையைத்தான் சொல்வேன். கெட்டுப்போனால் ஒரே நிறுவனத்தைக் கேட்டால் போதும், மற்றவர் மீது பழி போட அவர்களுக்கு வழியில்லை. நோண்டிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு மூன்றாவது.

செயலி மட்டும் உள்ள சேவைகளை நான் வீட்டுத் தொலைபேசியாகக் கருதுவதில்லை. கூடத்தில் ஒன்று மணியடித்து, யார் வேண்டுமானாலும் எடுக்க முடிந்தால்தான் அது வீட்டுத் தொலைபேசி. 2003 இல் வந்து உலகமெங்கும் பரவிய ஸ்கைப்கூட 2025 மே மாதம் மூடப்பட்டது. ஆகவே எந்த வகையானாலும், சேவை நின்றால் என் எண்ணை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள்.

படி 5: நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதே பாதித் தகவல்.

அகல அலைவரிசைப் பேச்சு, அதாவது ஜி.722 உண்டா என்று கேளுங்கள். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும்; ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் வெட்டுப்பட்டுவிடும். ஜி.722 ஏறத்தாழ 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். காது மந்தமானவர்கள் உள்ள வீட்டில் வித்தியாசம் உடனே தெரியும். இரு முனையிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன்.

வெளிநாட்டு அழைப்பை மூடிவைக்க முடியுமா, மாதச் செலவுக்கு உச்சவரம்பு போட முடியுமா என்பதைத் தவறாமல் கேளுங்கள். கடவுச்சொல்லைத் திருடி, இரவோடு இரவாக விலையுயர்ந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளுவது இந்தத் துறையில் பழைய மோசடி. தேவையில்லாத கதவை முதல் நாளே பூட்டிவிடுங்கள்.

இப்போது கட்டணம். மாதத் தொகையோடு நிறுத்தாமல், நிறுவும் கட்டணம், சாதன வாடகை, பழைய எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுவரும் கட்டணம், இடையில் விலகினால் அபராதம் ஆகியவற்றைக் கூட்டி ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள். வரம்பில்லை என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில் நியாயமான பயன்பாடு என்ற சிறிய எழுத்து வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சில நாடுகளில் இணையத் தொலைபேசிக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள்

இதில்தான் அதிகம் பேர் எண்ணை இழக்கிறார்கள். பழைய இணைப்பை முதலில் ரத்து செய்தால் எண் உங்கள் கையைவிட்டுப் போய்விடும், பிறகு மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. பழைய எண்ணைக் கொண்டுவரும் கோரிக்கையைப் புதிய நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். பெயரும் முகவரியும் பழைய பில்லில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஒரு இனிஷியல் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையமும் வரும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: எண் மாறும்போது இணையமும் துண்டிக்கப்படலாம்.

முடிந்தால் ஒரு மாதம் தற்காலிக எண்ணில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பழைய எண்ணை மாற்றுங்கள்.

படி 7: இணைப்பதும் சோதிப்பதும்

அடாப்டரை வைஃபையில் விடாமல் கம்பி வழியாக ரூட்டரில் இணையுங்கள். தொலைபேசியை அடாப்டரின் ஃபோன் துளையில் செருகுங்கள். சிலவற்றில் பக்கத்திலேயே லைன் என்று இன்னொரு துளை இருக்கும், அது வேறு வேலைக்கு. வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய கம்பிகளில் அடாப்டரை இணைக்க நினைத்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பை முதலில் கழற்றுங்கள். இல்லாவிட்டால் நிலையத்திலிருந்து வரும் மின்னழுத்தம் அடாப்டரைக் கருக்கிவிடக்கூடும்.

டயல் டோன் வந்ததும் கொண்டாடிவிட வேண்டாம். கைபேசிக்கு அழைத்து இருபக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பைத் தேடி அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பொட்டலங்களில் உள்ள முகவரியைத் திருத்தி, குரலைத் தவறான இடத்துக்கு அனுப்பும் வேலையைப் பல ரூட்டர்களில் அதுதான் செய்கிறது. அடுத்து ஒரு மணி நேரம் தொலைபேசியைத் தொடாமல் விட்டுவிட்டு, வெளியிலிருந்து அழையுங்கள். மணி அடிக்கவில்லை என்றால், சும்மா இருந்த இணைப்பை ரூட்டர் மறந்துவிட்டது. அடாப்டர் நிறுவனத்தின் சர்வரில் மீண்டும் மீண்டும் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் மறுபதிவு இடைவெளியைக் குறையுங்கள். பிறகு, எண்களை அழுத்தச் சொல்லும் ஏதாவது தானியங்கிச் சேவையை அழைத்து, அழுத்தும் எண் அங்கே போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, யாரையாவது பிடித்து 40 நிமிடம் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் 15 அல்லது 30 ஆவது நிமிடத்தில் சரியாக அறுந்தால் அது தற்செயல் அல்ல, அமைப்பில் கோளாறு. நேரத்தைக் குறித்துவைத்து நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

எண் மாறி, எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கணக்கு மூடப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். அவர்களுடைய சாதனத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதைக் குப்பையில் போடாதீர்கள். நான் திருப்பிக் கொடுத்த மோடத்துக்கு எட்டு மாதம் கழித்து ஒரு பில் வந்தது.