எருக்கஞ்செடியிலிருந்து ஆரம்பியுங்கள்

பட்டாம்பூச்சி பார்க்க மலையேறிப் போக வேண்டியதில்லை. ஊரணிக் கரையில் ஓர் எருக்கஞ்செடி இருந்தால் போதும். பள்ளத்தூரில் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வெயில் அடிக்கிற காலைதான் நல்ல நேரம். பறக்கிற பூச்சியைத் துரத்தாதீர்கள். செடி பக்கத்தில் அசையாமல் நில்லுங்கள், அது தானே வரும்.

முதலில் எருக்க இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடிக் கருப்புக் கொம்பு. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு இது. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துவிடுவதால், வளர்ந்து பூச்சியான பிறகும் பறவைகள் சீண்டுவதில்லை. (பால் பட்ட கையோடு கண்ணைத் தொட்டுவிடாதீர்கள், ஆபத்து.)

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். வளர்ந்த வெந்தய வரியனுக்கு இருக்கிற அதே ஆரஞ்சு நிறம், இறகில் அதே கருப்பு முனை, அதே வெள்ளைப் பட்டையோடு இன்னொரு பட்டாம்பூச்சி வரும். அது வேறு இனம். பருப்புக்கீரை தின்று வளர்வதால் நஞ்சு இல்லை; அந்த இனத்தின் பெண், வெந்தய வரியன் வேடம் போட்டுத் தப்பிக்கிறது. பின்னிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கருப்புப் புள்ளிகள் இருக்கும். வேடக்காரிக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்றுதான். அந்த ஒற்றைப் புள்ளி கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம்தான். இதன் ஆண் வேடமே போடுவதில்லை: கருப்பு இறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் ஊதா மினுக்கு.

அதே எருக்கம்பூவுக்குக் கன்னங்கரேலென்று பெரிதாக ஒன்று ரீங்காரத்தோடு வரும். வண்டு என்று விட்டுவிடாதீர்கள், தச்சன் தேனீ. மாட்டுக்கொட்டகை மூங்கிலில் விரல் நுழைகிற அளவுக்கு உருண்டையாக ஓட்டை, கீழே மரத்தூள் என்றால் அங்கேதான் குடியிருக்கிறது. "அப்பத்தா, கொட்டுமா?" என்று பேரன் கேட்பான். சும்மா போகிறவரைக் கொட்டாது. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

இதை ஆவாரம்பூவில் காதால் அடையாளம் காணலாம். பூவைப் பிடித்ததும் சத்தம் சட்டென்று மாறும். உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. வளர்ப்புத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. துளசியில் வரும் நீலப்பட்டைத் தேனீயும் இதே கெட்டிக்காரிதான். வயிற்றில் பளீரென்று நீல வரிகள். இரண்டுமே கூட்டமாக வராது, ஒண்டியாகத்தான் திரியும்.

பழைய வீட்டுச் சுவர் இடுக்கில் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீயின் வாசல். வெள்ளையடிக்கும்போது அடைத்துவிட வேண்டாம் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படம் எடுக்கும்போது உங்கள் நிழல் பூச்சி மேல் விழாமல் நில்லுங்கள். இறகு விரித்திருக்கையில் ஒன்று, மூடியிருக்கையில் ஒன்று, உட்கார்ந்த செடியை ஒன்று. செடியின் படம் இல்லாவிட்டால் பாதி நேரம் பெயர் பிடிபடாது.