கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் அறிவது

புதிதாக ஓட்ட வருபவரிடம் நான் முதலில் சொல்வது: ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். சமதரையில், முதல் கியரில், கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் பெடல் லேசாக அதிரும், இன்ஜின் சத்தம் கம்மும். காலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி தானாக நகரும். நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும் இன்ஜினும் நிற்கும் சக்கரமும் கிளட்ச் தட்டின் உரசலால் ஒத்துப்போகும் இடம் அதுதான். அவசரப்பட்டால் இன்ஜின் அணைந்துவிடும்.

மேட்டில் அரைக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், தட்டு கருகும். அந்த வாடை எனக்கு இன்றும் பொறுக்காது. கைபிரேக் போடுங்கள்.

மின்சாரக் காரில் இந்தப் பாடே இல்லை. நின்ற நிலையிலேயே மோட்டார் முழு இழுவை தரும். பெரும்பாலும் ஒரே கியர்தான்.

டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிடில் இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) இணைக்கிறது. அதனால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வேகத்தை முந்திக்கொண்டு இன்ஜின் சத்தம் ஏறும். பழுதென்று பயந்து காலை எடுக்காதீர்கள்.