நான் எப்ப மச்சான் நடுங்கினனான்? எழுத்து வழி ரோல்பிளேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்துகொண்டு போனில் இப்படி எழுதினேன்:

"காசி கதவை உடைத்து உள்ளே புகுந்தான். தளபதியின் வாளைத் தட்டிப் பறித்து அவர் கழுத்திலேயே வைத்தான். தளபதி நடுங்கினார்."

எழுதி அனுப்பியதும் எனக்கே புல்லரித்தது. காசி என் பாத்திரம். 1760ஆம் ஆண்டுக் கொழும்பில், ஒல்லாந்தர் கோட்டைக்குள் புகுந்து திருடுகிறவன். தளபதி, ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானின் பாத்திரம். ஐந்து நிமிடத்தில் அவனிடமிருந்து, கதைக்கு வெளியே பேசும்போது நாங்கள் போடும் இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வந்தது: ((நான் எப்ப மச்சான் நடுங்கினனான்?))

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் எழுதவில்லை. வேலை கூட என்று சொன்னான். வேலை ஒன்றும் கூட இல்லை.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் இல்லை, பொத்தான் இல்லை. ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் செய்வதையும் சொல்வதையும் ஒருவர் எழுத, அதைப் பார்த்து அடுத்தவர் எழுத, கதை நகரும். எங்கள் குழு டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் விளையாடுகிறது, ஆனால் பழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ரோய் ட்ரப்ஷோ தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் சேர்ந்து வளர்த்த 'மட்' என்ற எழுத்து விளையாட்டிலிருந்து வரும் பரம்பரை இது. 1989இல் வந்த டைனிமட் என்ற அதே வகை விளையாட்டு, சண்டையையும் புள்ளிகளையும் ஓரமாக வைத்துவிட்டு, ஆட்கள் கூடிக் கதைக்கவும் இடங்களைக் கட்டவும் வழி விட்டது. 'போஸ்' என்ற கட்டளை அங்கேதான் எல்லோருடைய கைப்பழக்கமும் ஆனது. ஒரு முக்காற்புள்ளியை (:) தட்டி "சிரித்தான்" என்று எழுதினால், "காசி சிரித்தான்" என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை நீங்கள் எழுதவே தேவையில்லை, இயந்திரமே முன்னால் போட்டுவிடும். ஐஆர்சி அரட்டையில் வரும் 'மீ' கட்டளையும் அதேதான்.

அந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் நீங்கள்தான். அடுத்தவரை எழுவாயாக்கி ஒரு வரி தொடங்க அந்தக் கட்டளை இடம் தராது. டிஸ்கோர்டில் அந்த வேலி இல்லை. எதையும் எழுதலாம். ஆகவே வேலியை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் முதல் தவறுக்கு உலகம் முழுவதும் வைத்த பெயர் பவர்கேமிங், சிலர் கோட்மோடிங் என்பார்கள். அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதை நானே தீர்மானிப்பது. இதை விளக்க இங்கிலிஷில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு விளங்கியது ஓ லெவல் தமிழ்ப் பாடத்தால்தான். வினைமுற்று, வினையெச்சம் ஞாபகம் இருக்கிறதா? 'பறித்தான்' முற்று, அதோடு கதை முடிந்தது. 'பறிக்க' எச்சம், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. என் பாத்திரத்தின் உடம்பு அசைவதற்கு நான் தாராளமாக முற்று வைக்கலாம். அந்த அசைவு அடுத்தவர் உடம்பிலோ பொருளிலோ படுகிற இடம் மட்டும் எச்சமாக நிற்க வேண்டும்.

"தளபதியின் வாளைப் பறிக்கப் பாய்ந்தான்." பாய்ந்தது என்னுடையது. பறிபட்டதா இல்லையா என்பது மச்சானுடையது.

கோபம் ஆறிய பிறகு அந்தக் காட்சியை நாங்கள் திருப்பி எழுதினோம். காசி பறிக்கப் பாய்ந்தான். மச்சான் என்ன செய்தான் தெரியுமா? தளபதி தானாகவே வாளைக் கீழே போட்டுவிட்டு, கொச்சைத் தமிழில் "உன் தாயின் பெயர் அன்னம்மாவா?" என்று கேட்டார். நான் எழுதிய நடுக்கத்தைவிட அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டு மூன்று மாதம் விளையாடினோம். முற்றை நானே வைத்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

இந்தத் தவறு சண்டைக் காட்சியில்தான் வரும் என்று நினைக்காதீர்கள். சண்டையில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அன்பில்தான் வழுக்கும். எங்கள் குழுவில் பூரணி என்றொரு பாத்திரம். "பூரணி அவன் காயத்தைக் கழுவிக் கட்டினாள்", "தோளில் சாய்த்துக்கொண்டாள்", "வாயில் ஒரு கவளம் ஊட்டினாள்." நல்ல மனதோடு எழுதியவைதான். ஆனால் அவன் கையைத் தட்டிவிடுகிற ஆளாக இருந்தால்? காயத்தை யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தால்? "கட்டத் துணியைக் கிழித்தாள்" என்பதோடு நிற்கலாமே.

இன்னும் நுணுக்கமாக ஒளிந்துவரும் வடிவமும் உண்டு. "காசி உள்ளே வந்ததும் எல்லோர் பேச்சும் நின்றது." "அவள் பார்வையில் எவருக்கும் முதுகு சில்லிடும்." யாரையும் தொடவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் அறையிலிருக்கும் ஐந்து பேருடைய வாயையும் முதுகையும் எழுதியவரே எடுத்துக்கொண்டார். புதியவர்களைவிடக் கதை எழுதிப் பழகியவர்களிடம்தான் இது கூட வரும், ஏனென்றால் சிறுகதையில் இதெல்லாம் சரி. இங்கே வருணனையை உங்கள் பக்கத்திலேயே நிறுத்துங்கள்: கண் எப்படி இருந்தது, கதவை எப்படிச் சாத்தினாள். முதுகு சில்லிட்டதா என்று முதுகுக்காரர் எழுதட்டும்.

இது வெறும் விளையாட்டுச் சட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். கலிபோர்னியாவில் பாவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்து உலகத்தில், 1993இல் ஒருவர் 'வூடூ பொம்மை' என்றொரு நிரலை வைத்து, மற்றவர்களின் பாத்திரங்கள் தாமாகவே கேவலமான, வன்முறையான பாலியல் செயல்களைச் செய்வதுபோல வரிகளைப் போட்டார். எல்லோரும் கூடும் பொது அறையில், எல்லோர் கண்முன்னாலும். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் கோபமும் அழுகையும் உண்மை. நீண்ட வாதத்துக்குப் பிறகு அந்தப் பாத்திரம் நீக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து அங்கே விதிகளை வாக்கெடுப்பில் தீர்மானிக்கும் முறையும் வந்தது. பெயர் உங்களுடையது, செயல் இன்னொருவர் எழுதியது. அது எப்படி உறுத்தும் என்பதற்கு என் மச்சானின் இரண்டு வார மௌனம் மிகச் சின்ன சாட்சி.

சரி, எச்சத்தை ஒழுங்காக எழுதுகிறீர்கள். மறுபக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தான். அவனுடைய பாத்திரத்தின்மேல் எதுவுமே படாது. கல் எறிந்தால் குனிவான், வலை வீசினால் தாவுவான், சோற்றில் விஷம் வைத்தால் அன்றைக்கு அவனுக்கு விரதம். முற்றை எழுதும் உரிமை அவனுடையதுதான், அதில் பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 'தப்பினான்' என்றே முற்று வந்தால் யார் திரும்ப எறிவார்கள்? மூன்றில் ஒன்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அடி வாங்கிய பாத்திரத்தைத்தான் பூரணிமார் தேடி வருவார்கள்.

மனதுக்குள் நடப்பதை எழுதுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "இந்தக் கிழவனுக்கு மூளையே இல்லை என்று காசி நினைத்துக்கொண்டான்" என்று எழுதினால், கிழவனாக விளையாடுபவர் அதற்கு என்ன பதில் எழுத முடியும்? அவர் வாசித்துவிட்டார், கிழவனுக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்று குத்துவதுபோல. நினைப்பு முகத்திலோ கையிலோ கொஞ்சம் கசியட்டும். இதன் மறுபுறம்தான் மெட்டாகேமிங்: நீங்கள் வாசித்ததையெல்லாம் உங்கள் பாத்திரமும் அறிந்ததுபோல எழுதுவது. பூரணி அடுப்படியில் சொன்ன இரகசியம் கோட்டை மதிலில் இருந்த காசிக்கு எப்படித் தெரியும்?

தமிழில் விளையாடும்போது மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. தமிழ் எழுவாயை விழுங்கும் மொழி. "கதவைத் திறந்தாள். விளக்கை அணைத்தாள்." அறையில் மூன்று பெண் பாத்திரங்கள் இருந்தால் யார் திறந்தது, யார் அணைத்தது? ஒவ்வொரு பதிவிலும் ஒரு தடவையாவது பெயரைப் போடுங்கள். அப்புறம் விகுதி. அடுத்தவரின் பாத்திரத்தைக் குறிக்கும்போது 'வந்தான்' போடுவதா, 'வந்தார்' போடுவதா என்பது ஒரு தீர்ப்பு. மச்சானின் தளபதிக்கு நான் 'ர்' போடுவேன், காசியின் வாயில் வரும்போது மட்டும் 'அவன்' ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருவரின் வயதான பெண் பாத்திரத்தை நான் கேட்காமலே 'ள்' விகுதியில் எழுதி, அவர் மனம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே கேட்டுவிடுங்கள். காலத்தைப் பொறுத்தவரை, இங்கிலிஷ்க் குழுக்களில் நிகழ்காலம் நிறைய ஓடும், அதைப் பார்த்துச் சிலர் "சிரிக்கிறான், நடக்கிறான்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கிரிக்கெட் வருணனைபோலக் கேட்கிறது. இறந்தகாலமே என் கட்சி. எதுவானாலும் குழு முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீளம். கூத்தில் ராசாவுக்கு வரவுப் பாட்டு உண்டு. வந்து, ஆடி, தன் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை சபை பொறுத்திருக்கும். இங்கே அந்தப் பொறுமை கிடையாது. முதல் பதிவிலேயே கூந்தல், கண், குலம், குழந்தைப்பருவத் துயரம் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால், மற்றவர்கள் தங்கள் பாத்திரத்தின் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். டிஸ்கோர்டில் சாதாரணக் கணக்குக்கு ஒரு செய்தி 2000 குறிகளுக்கு மேல் போகாது. அதிலும் தமிழுக்குக் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது: மெய்யின் புள்ளியும், கொம்பு, கால் போன்ற உயிர்க்குறியும் எழுத்திலிருந்து தனியாக எண்ணப்படும். 'கொழும்பு' என்பது எங்களுக்கு 4 எழுத்து, கணினிக்கு 8. ஆகவே இங்கிலிஷ்க்காரர் சொல்லும் அளவை அப்படியே நம்பாதீர்கள். நேர்மாறான குற்றமும் உண்டு. ஒருவர் பத்து வரி உழைத்து எழுதியதற்கு "தலையாட்டினான்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுவது. தலையாட்டுங்கள், ஆனால் ஆட்டிக்கொண்டே கதவுப் பக்கம் ஒரு பார்வையாவது பாருங்கள். அடுத்தவருக்குப் பிடித்து ஏற ஒரு கொப்பு வேண்டும்.

காலப் பிழைகள் தனிச் சுவை. எங்கள் 1760இல் ஒரு அக்கா "பூரணி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்" என்று எழுதினா. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல். காசியும் யோக்கியன் இல்லை: நான் அவனைத் தீக்குச்சி உரச வைத்தேன், அது உலகத்துக்கு வந்தது 1826இல். இதில் தவறு பிளேன்டீ இல்லை. காட்சியின் நடுவே ஒருவர் தன் பாத்திரத்தின் வாயால் "இதென்ன புதுவிதத் தண்ணி, மந்திரமா?" என்று நக்கலடித்ததுதான். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டிருந்தால் போதும். இப்போது பூரணி கொத்தமல்லித் தண்ணி கொடுக்கிறாள்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. வேறொரு கதை, இந்தக் காலத்துக் கொழும்பு. கதையைப் பின்னோக்கி எடுத்துப்போன ஒருவர், யாரிடமும் கேட்காமல், 1983 ஜூலைக்குள் நுழைந்து, ஒரு கும்பல் கதவைத் தட்டுகிற காட்சியை எழுதினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் பிரச்சினை. குழுவில் இருந்த ஒருவரின் குடும்பம் அந்தக் கிழமையில் வீட்டை இழந்தது. அவர் பிறகு அந்தக் கதைக்குத் திரும்பவே இல்லை. இப்போது எங்களிடம் ஒரு வழக்கம்: கலவரம், வதை, பாலியல், பிள்ளைகளுக்கு ஆபத்து எதுவானாலும் காட்சி தொடங்கும் முன்பே அடைப்புக்குறிக்குள் கேட்போம். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கமாட்டோம். காதல் காட்சி ஓர் எல்லைக்கு மேல் போனால் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த நாள் காலைக்குப் போய்விடுவோம். வயது தெரியாத ஆட்கள் இருக்கும் குழுவில் அந்தப் பேச்சே கிடையாது.

அடைப்புக்குறிக்கும் அளவு உண்டு. ((அம்மா கூப்பிடுறா, பத்து நிமிசம்)) என்று போடுவது மரியாதை. உருக்கமான மரணக் காட்சியில் வரிக்கு வரி ((ஹாஹா)) போடுவது செத்த வீட்டில் பட்டாசு.

கடைசியாக, காத்திருப்பது. இங்கே இரவு 9 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 11.30, மாரியில் 10.30. மச்சான் வேலையில் இருப்பான். அவன் முறை வரும் முன்பே நானும் லண்டன்காரரும் இருபது பதிவு ஓடிவிட்டால், அவனுடைய தளபதி வாயைத் திறப்பதற்குள் கோட்டையே கைமாறியிருக்கும். அதனால் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால்தான் அவரைத் தாண்டிப் போவோம். அப்போதும் அவர் பாத்திரத்தை அசைக்கமாட்டோம். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போன கிழமையில் கொழும்புக்காரர் எல்லோரும் நடுக்காட்சியில் காணாமல் போனோம். அப்போது விளையாடிய கதையில் என் மீனவன் ஒருவன் துடுப்பை ஓங்கியபடியே மூன்று நாள் நின்றான். வெளியூர்க்காரர் யாரும் அவன் கையை இறக்கிவிடவில்லை. கரண்ட் வந்து பார்த்தபோது யாரோ பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "அவன் கை வலிக்காதோ என்று நினைத்தபடி நண்டு ஒன்று அவன் காலைத் தாண்டிப் போனது."